ஒன்பதாம் பொத்தான்

மனித நாகரிகத்தின் உச்சம் பெரிதாக்குவதில் இல்லை, சிறிதாக்குவதில் இருக்கிறது. பிரமிடு கட்டியவனிடம் இடமும் இருந்தது, ஆளும் இருந்தது. அதில் என்ன பெருமை? மலையை, மலையடி ஆற்றை, ஆற்றின் மேல் பாலத்தை, பாலத்தின் மேல் ரயிலை, ரயில் ஜன்னலில் தொப்பி வைத்த ஒரு மனிதனை நூற்றறுபதில் ஒரு பங்காகச் சுருக்கி, அதை ஓடவும் வைக்கிறவன் எவனோ அவனே படைப்பின் நோக்கத்தை நிறைவு செய்தவன்.

ஓபர்லைன்பாக் ஒன்பது மில்லிமீட்டர் தட மாடல் ரயில் நண்பர்கள் பதிவுபெற்ற சங்கத்தின் தலைவர் ஃபோல்க்மார் டென்னர்ட் இவ்வாறு சொல்லி முடித்து வலது கையை உயர்த்தினார். கை இறங்கும்போது சட்டையின் கைப்பட்டை தட்டி, ஒரு தேவாலயக் கோபுரமும் மூன்று பசுக்களும் ஆற்றில் விழுந்தன.

"கோபுரம் நாலாவது தடவை," என்றார் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஹார்ட்விக் கோப்ஸ். "குறிப்புல ஏத்திக்கிறேன், தலைவரே."

"பசுவையும் ஏத்துங்க," என்றாள் குட்ரூன் வீசிங்கர். "ஒண்ணுக்கு கால் போயிடுச்சு."

சங்கத்தில் உறுப்பினர்கள் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் பதவியில் இருந்தார்கள். மீதி இருவரில் ஒருவருக்குத் தொண்ணூற்றொரு வயது, இன்னொருத்தி குட்ரூன். பொறுப்பாளர்கள் தண்டவாளத்தைப் பற்றித் தீர்மானம் போடுவார்கள், குட்ரூன் தண்டவாளம் போடுவாள். அவளுக்குப் பல் செட்டு செய்யும் வேலை. கடைவாய்ப்பல்லுக்கு உறை செய்கிற அதே கையால், அதே பூதக்கண்ணாடிக்கு அடியில், ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜை மேல் ஒரு காபிக் கோப்பை வைத்தாள். கோப்பைக்குள் காபியும் ஊற்றினாள். எள்ளில் பாதி அளவு இருக்கும் அந்தக் கோப்பை. அது அங்கே இருப்பது பார்க்க வருகிற யாருக்கும் தெரியாது. இருந்தும் அந்தக் காபியின் நிறம் தப்பு என்று ஒரு வருடம் கழித்து அவளே மாற்றினாள்.

சங்க விதி ஒன்பதின்படி, கூட்டம் நடக்கும்வரை எல்லோரும் 'நீங்க' சொல்ல வேண்டும். முதல் பீர் பாட்டில் திறந்த பிறகு 'நீ' சொல்லலாம். சண்டை வந்தால் பாட்டிலை மூடிவிட்டு மறுபடி 'நீங்க'.

அன்றைய கூட்டத்தின் முக்கியப் பொருள் விருப்பப் பட்டியல். ஒவ்வொரு நவம்பரிலும் ஆளுக்கு மூன்று விருப்பம் எழுதலாம். ஒன்பது மில்லிமீட்டர் தடத்தில் எந்த வண்டி வர வேண்டும், எந்த விளக்கு எரிய வேண்டும், எந்தக் கம்பெனி எதைத் திருத்த வேண்டும் என்று ஓட்டெடுத்து, முத்திரை குத்தி, ஆறு கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். ஐந்து கம்பெனிகள் பதில் போடாது. ஆறாவது காலண்டர் அனுப்பும். இருபத்துமூன்று வருடமாகப் பட்டியலில் முதலிடம் ஒன்றே: லைன்பாக் பள்ளத்தாக்கு ரயிலின் ஏழாம் எண் ரயில்பஸ், எஞ்சினும் பெட்டியும் ஒன்றேயான ஒற்றை வண்டி. அந்த வகை அசல் வண்டி உலகத்திலேயே இரண்டுதான் கட்டப்பட்டது. மாடலாகக் கேட்டவர்கள் பதினோரு பேர். கம்பெனிக்காரனுக்கும் குடும்பம் இருக்கிறதே!

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு வண்டிக்கு எஃகு அச்சு செய்ய வீடு விற்கிற செலவு ஆகும். இப்போது பிசினை ஒளியால் இறுக்கி, ஐந்நூறு வண்டி மட்டும் செய்து நிறுத்திக்கொள்ளலாம். ஒலிபெருக்கி சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாகிவிட்டது. வண்டியை நடத்துகிற மூளை அதற்கும் சின்னது. பிப்ரவரியில், நியூரம்பெர்க் பொம்மைச் சந்தையில், ஹெல்ம்ப்ரெஷ்ட் என்ற சிறு கம்பெனியின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அட்டை தொங்கியது: 'ஏழாம் எண் ரயில்பஸ், நூற்றறுபதில் ஒன்று, ஒலியுடன்.'

சங்கம் மொத்தமும் ரயிலேறிப் போய் அந்த அட்டைக்கு முன்னால் நின்றது. ஃபோல்க்மார் மட்டும் காரில் போனார். அவர் எங்கே போனாலும் கார்தான். "காட்சிப் பெட்டிய ரயில்ல தூக்கிட்டுப் போக முடியுமா?" என்பார். காட்சிப் பெட்டி இல்லாத நாளிலும் கார்தான்.

அட்டையின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வேண்டுகோள் இருந்தது. அந்த வகையில் மிஞ்சியிருக்கும் ஒரே வண்டியான ஏழாம் எண் ஷ்டைன்மியூல் ரயில் காட்சியகத்தில் எஞ்சின் பிரித்துக் கிடக்கிறது; பழுது பார்த்து முடிக்கச் செப்டம்பர் ஆகும்; ஆகவே அதன் மூல ஒலிப்பதிவு யாரிடமாவது இருந்தால் தந்துதவவும்.

ஃபோல்க்மார் மூச்சை உள்ளே இழுத்தார். "என்கிட்ட இருக்கு," என்றார்.

இருந்தது. 1975 செப்டம்பரில் அந்தப் பாதையில் கடைசி வண்டி ஓடியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வாங்கிக் கொடுத்த கேசட் ரிக்கார்டரோடு சரக்கு அறையில் நின்று பதிவு செய்தார். அந்த ஒரே பயணத்தின் பலத்தில்தான் பதினெட்டு வருடமாகத் தலைவர். கடைசி வண்டியில் போனவர்களில் உயிரோடிருப்பவர் அவர் ஒருவரே. 'நேரடிச் சாட்சி' என்று பெயர் அட்டையிலேயே அச்சடித்திருந்தார்.

கேசட்டை அவர் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். ஒருமுறை ஓட்டினால் நாடா ஒரு நூலளவு தேயும் என்று எங்கோ படித்திருந்தார். ஆகவே ஐம்பது வருடமாக அதை ஒருமுறைகூட ஓட்டவில்லை. ஹெல்ம்ப்ரெஷ்ட் கம்பெனியின் ஒலிப் பொறியாளர் நெஸ்ரின் நேரில் வந்து, பருத்திக் கையுறை போட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் மாதிரி வண்டியோடு சங்க அறைக்கு வந்தாள். பீர் வரிசையாக இருந்தது, ஒருவரும் திறக்கவில்லை.

எட்டு சென்டிமீட்டர் சிவப்பு. ஜன்னல் துடைப்பான் தலைமுடியைவிட மெல்லிசு. கதவருகே 'எச்சில் துப்பாதீர்' என்று எழுதியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கவே முடிந்தது. நெஸ்ரின் அதைத் தண்டவாளத்தில் வைத்து ஒதுங்கிக்கொண்டாள். முகப்பு விளக்கு எரிந்தது, அசல் வண்டியில் எரிந்த அதே அழுக்கு மஞ்சள். எஞ்சின் இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. பிறகு வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்பதைப் பக்கத்துச் சிக்னல் கம்பத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது, அத்தனை மெதுவாக, அத்தனை நிதானமாக. முன்பெல்லாம் இந்த அளவு வண்டி என்றால் தூசி பட்டாலே நிற்கும், இல்லாவிட்டால் எலி மாதிரி பாயும். இது ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறியபோது சத்தம் கொஞ்சம் வெற்றுக்குடம் போல ஒலித்தது, பாலத்தின் மேல் ஒலிக்க வேண்டியது போலவே.

வாழ்நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்தே பெயர் வாங்கிய ஹார்ட்விக், அளவுகோலைச் சட்டைப்பையில் திரும்பச் செருகிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர். ஒரு பெட்டியில் நூற்றுப் பதினான்கு ரிவெட் ஆணிக்குப் பதில் நூற்றுப் பன்னிரண்டு இருந்ததற்காக ஒரு கம்பெனியோடு நான்கு வருடம் பேசாமல் இருந்தவர்.

"தப்பே இல்லையா?" என்று கேட்டாள் குட்ரூன்.

"தேடிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் அழுது முடிச்சிக்கிறேன்."

"இன்னும் முடியல," என்றாள் நெஸ்ரின், கையிலிருந்த கருவியைக் காட்டி. "மூணாம் பொத்தான் ஹாரன். ஆறாவது கதவுச் சத்தம். ஆனா ஒன்பதுதான் எங்க பொக்கிஷம். நாலு புள்ளி ரெண்டு கிலோமீட்டர்ல மூணாவது வளைவு வருதில்லையா, அங்க டேப்ல இது கேக்குது. காத்து வால்வுலேர்ந்து தண்ணி வெளியேறுற சத்தம்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. இதுவரைக்கும் உலகத்துல எந்த மாடல்லயும் இது வந்ததில்ல."

ஒன்பதை அழுத்தினாள்.

முதலில் ஆழத்திலிருந்து ஓர் உறுமல். சின்ன இடைவெளி. பிறகு நனைந்த இரட்டை வெடிப்பு. கடைசியில் மெல்லிய ஒரு கசிவு.

அறை கைதட்டியது. "அடடா!" என்றார் ஹார்ட்விக். "அந்த ரெண்டாவது வெடிப்பு! அந்தக் கசிவு! மறுபடி, மறுபடி!"

நெஸ்ரின் மறுபடி அழுத்தினாள். ஃபோல்க்மார் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அது வால்வு இல்லை என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மூன்றாவது வளைவில், பன்னிரண்டு வயது ஃபோல்க்மார் அப்பாவின் கம்பளித் தொப்பிக்குள் வாந்தி எடுத்த சத்தம் அது.

ரயிலில் ஏறினால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. பேருந்தில் ஒன்றும் ஆகாது, கப்பலில்கூட ஆகாது, ரயில் மட்டும். ஆனால் ரயிலைப் பார்த்தால் நெஞ்சு நிறைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் என்ன செய்வான்? யாருமே ஏறச் சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன ரயிலாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டார். நிலஅளவை அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்ததும், சங்கம் ஆரம்பித்ததும், நாகரிகத்தின் உச்சத்தைக் கண்டுபிடித்ததும் எல்லாம் அதன் பிறகு. ரிக்கார்டரை மூன்றாவது வளைவுக்கு முன்பே நிறுத்திவிட்டதாக ஐம்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். டேப்பை ஒருமுறை போட்டுக் கேட்டிருந்தால் போதும். பக்திதான் கெடுத்தது.

"வண்டியோட அட்டைப்பெட்டி மேல உங்க பேர் வருது," என்றாள் நெஸ்ரின். "'ஒலி: நேரடிச் சாட்சி ஃபோல்க்மார் டென்னர்ட்டின் மூலப் பதிவு.' சரிதானே?"

பத்துப் பேர் அவரையே பார்த்தார்கள். "சரிதான்," என்றார் அவர்.

ஐந்நூறு வண்டியும் மூன்று வாரத்தில் விற்றுப்போயின. ஒன்பதாம் பொத்தானுக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். ஸ்வீடனில் ஒருவர் அதைத் தொலைபேசி அழைப்பொலியாக வைத்துக்கொண்டார். ஹார்ட்விக் 'லைன்பாக் வால்வின் இரட்டை வெடிப்பு: சில அவதானிப்புகள்' என்று பதினான்கு பக்கக் கட்டுரை எழுதினார். கேடு அங்கேதான் வந்தது. பதினோராம் பக்கத்தில் எழுத்து தயங்கியது. பன்னிரண்டாம் பக்கத்தில், அந்த வால்வின் வரைபடத்தை வைத்துப் பார்த்தால் ஒரு வெடிப்புதான் வரலாம், இரண்டு வர வழியே இல்லையே என்று கேட்டது.

ஆகஸ்ட் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். "தலைவரே, நான் உங்களைச் சந்தேகப்படலை."

"அப்ப உக்காருங்க."

"டேப்பைச் சந்தேகப்படுறேன். காட்சியகத்துல ஏழாம் எண் ரெடி. செப்டம்பர் கடைசி ஞாயித்துக்கிழமை அதோட முதல் ஓட்டம், அதே பழைய பாதையில. நாம எல்லாரும் ஏறுவோம். நான் மைக் வெச்சுப் பதிவு பண்றேன். மூணாவது வளைவுல அந்தச் சத்தம் வந்தா, என் கட்டுரைய நானே கிழிச்சுப் போடுறேன். வரலைன்னா ஹெல்ம்ப்ரெஷ்ட்டுக்கு எழுதிடலாம், பொத்தானையும் எடுத்துடச் சொல்லி, பெட்டியில இருக்குற பேரையும் எடுத்துடச் சொல்லி. சாட்சி சாட்சியா இல்லேன்னா, அப்புறம் தலைவர் தேர்தல் பத்தியும் யோசிக்கணும்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு..."

"சாட்சி இல்லாம சோதனை செல்லாது, தலைவரே. நீங்க வண்டியில இருந்தே ஆகணும். ஓட்டுக்கு விடலாமா?"

விட்டார்கள். பத்துக்கு ஒன்று. அந்த ஒன்று யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் ஃபோல்க்மார் சங்க அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது குட்ரூன் கோபுரத்தை ஒட்ட வந்தாள். கொஞ்ச நேரம் பசை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பல் டாக்டர்கிட்ட எட்டு வருஷம் உதவியாளா இருந்தேன், தெரியுமில்ல?" என்றாள் தலை நிமிராமல். "பல்லுக்கு அளவெடுக்க வாய்க்குள்ள அச்சுப் பசை வெச்சா பத்துல ஒருத்தருக்குக் குமட்டும். கிண்ணம் புடிச்சிட்டு நின்னவ நான்."

ஃபோல்க்மார் ஒரு பசுவை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"முதல்ல உறுமல். அப்புறம் ரெண்டு. அப்புறம் துப்புறது. கோபுரம் காயறதுக்குள்ள சொல்லு, உன்னோடதா, உங்கப்பாவோடதா?"

"என்னோடது."

அவள் கோபுரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ஐந்நூறு வண்டி! ஸ்வீடன்காரருக்கு ஃபோன் வர்றப்பல்லாம் நீ..."

"போதும் குட்ரூன்."

"ஒரு வண்டியில நானே ஒலிபெருக்கி மாத்தினேன். இன்னும் துல்லியமா கேக்கணும்னு!"

"போதும்னு சொன்னேனே."

"சரி, சரி. இப்ப என்ன பண்ணப்போற? மருந்துக்கடையில பயண மாத்திரை இருக்கு. ஒண்ணு போட்டா ஒண்ணும் வராது."

"ஒண்ணும் வராது," என்றார் ஃபோல்க்மார். "அதான். ஒண்ணும் வரலைன்னா சத்தமும் வராது. சத்தம் வரலைன்னா நான் பொய்யன். மாத்திரை போடலைன்னா சங்கம் மொத்தத்துக்கும் முன்னால..." கையால் காட்டினார்.

குட்ரூன் யோசித்தாள். "எல்லாத்தையும் சொல்லிடேன். ஒரு மணி நேரம் சிரிப்பாங்க. அப்புறம் பீர் திறப்பாங்க."

"பதினெட்டு வருஷம் தலைவர். 'ரயில்ல ஏறினா வாந்தி வரும்'னு நான் சொல்லணுமா? ஹார்ட்விக்கிட்டயா?"

குட்ரூன் கோபுரத்தைத் தூக்கி ஒளியில் பிடித்து, உச்சியிலிருந்த சேவல் நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் காலத்துல நீ நின்னது சரக்கு அறையிலதானே? அதுக்குக் கதவு இருந்துச்சில்ல?"

ஃபோல்க்மார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த நான்கு வாரம் அவர் முப்பத்தெட்டு வருட நிலஅளவை அனுபவத்தை எல்லாம் திரட்டி வேலை செய்தார். சரக்கு அறையின் நீள அகலத்தைக் காட்சியகத்திலிருந்து வாங்கினார். கிலோமீட்டர்க் கற்கள் எந்தப் பக்கம் தெரியும் என்று வரைபடத்தில் குறித்தார். தொப்பிதான் சிக்கல். கம்பளிக்குள் விழும் ஒலி வேறு, பிளாஸ்டிக் பைக்குள் விழும் ஒலி வேறு. ஹார்ட்விக்கின் காது அதைக் கண்டுபிடித்துவிடும். பாம்பெர்க்கில் ஒரு பழைய துணிக்கடையில், அப்பா வைத்திருந்த அதே தயாரிப்பில், அதே அறுபது அளவில் ஒரு சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி கிடைத்தது. மாடல் செய்கிறவன் அசலுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது சங்க விதி ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குக் காட்சியகத்தார் விருந்து வைத்தார்கள். வெந்நீரில் மிதக்கும் வெள்ளைத் தொத்திறைச்சி, இனிப்புக் கடுகுச் சாந்து, உப்பு ரொட்டி. ஃபோல்க்மார் இரண்டு சாப்பிட்டார். குட்ரூன் எதிரே உட்கார்ந்து, ஒரு தியாகியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு ஏழாம் எண் பிளாட்பாரத்துக்கு வந்தது. எட்டு சென்டிமீட்டராக மனப்பாடமாகியிருந்த வண்டி பதின்மூன்று மீட்டராக நின்றபோது எல்லோருக்கும் அது கொஞ்சம் மிகைப்படுத்தியது போல் இருந்தது. "துடைப்பான் தடிமனா இருக்கே," என்றார் ஹார்ட்விக்.

அவர் பயணிகள் அறையில் ஆறு மைக் வைத்தார், மடியில் கணினி. சங்கத்தார் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். நெஸ்ரின் கேமராவோடு வந்திருந்தாள்.

"நான் சரக்கு அறையில நிக்கிறேன்," என்றார் ஃபோல்க்மார். "அன்னைக்கு நின்ன எடத்துலயே. தனியா. உணர்ச்சி மேலிடும், யாரும் வந்துடாதீங்க."

"மரியாதையா இருப்போம், தலைவரே," என்றார் ஹார்ட்விக். நிஜமாகவே தலை குனிந்தார்.

கதவு சாத்திக்கொண்டது. வண்டி கிளம்பியது. ஃபோல்க்மார் தொப்பியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகக் கற்களைப் பார்த்தபடி காத்திருந்தார். முதல் வளைவு வந்து போயிற்று. ஒன்றும் இல்லை. வயிறு சாதுவாக இருந்தது. இரண்டாவது வளைவு. அதிலும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: காட்சியகத்தார் ஐந்து வருடம் பாடுபட்டு வண்டிக்கு அதிர்வு தாங்கும் புதுச் சுருள்வில் போட்டிருக்கிறார்கள், தண்டவாளத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். ஏழாம் எண் தொட்டில் மாதிரி போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபோல்க்மார் டென்னர்ட் ஒரு ரயிலில் சுகமாகப் பயணம் செய்துகொண்டிருந்தார்.

இடுக்குக்கு வெளியே வயல் போயிற்று. கொஞ்சம் அழகாகக்கூட இருந்தது. மூன்று புள்ளி ஒன்பது என்றது கல்.

அவர் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றிப் பார்த்தார். குதித்துப் பார்த்தார். அப்பாவை நினைத்துப் பார்த்தார். தொத்திறைச்சியை நினைத்தார், கடுகுச் சாந்தை நினைத்தார். இன்னொன்று சாப்பிட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது. நான்கு புள்ளி பூஜ்யம். கோட்டுப் பையில் கையை விட்டார். மடித்த காகிதம் ஒன்று தட்டுப்பட்டது; ஹார்ட்விக் அன்று காலை எல்லோருக்கும் கொடுத்த கட்டுரை, திருத்திய பதிப்பு, பொடி எழுத்து. ஓடும் வண்டியில் அதை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். 'இரட்டை வெடிப்பின் முதற்கூறு ஈரப்பதம் மிக்கது எனினும் அதன் அடர்த்தியானது...' நான்கு புள்ளி ஒன்று. இரண்டாம் பத்தி. ஒரு சூத்திரம். சூத்திரத்துக்கு அடிக்குறிப்பு. அடிக்குறிப்பில் எழுத்து இன்னும் பொடி. நெற்றியில் வேர்த்தது.

வண்டி மூன்றாவது வளைவில் சாய்ந்தது. நிலஅளவைக்காரரின் கணக்குக்கு அரை மீட்டர்கூட முன்னே பின்னே ஆகாமல், நான்கு புள்ளி இரண்டாம் கல்லுக்கு நேரே, கம்பளித் தொப்பிக்குள், வந்தது. உறுமல். இடைவெளி. இரண்டு. கசிவு.

கதவுக்கு அப்பால் வண்டியே அதிர்கிற மாதிரி கைதட்டல்.

லைன்பாக் ஓடையைத் தாண்டும்போது சரக்கு ஏற்றும் வெளிக்கதவின் இடுக்கு வழியாகத் தொப்பி வெளியே போயிற்று. ஃபோல்க்மார் முகத்தைத் துடைத்து, கழுத்துப்பட்டையைச் சரிசெய்து, பயணிகள் அறைக் கதவைத் திறந்தார். வெளிறிப்போயிருந்தார், உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். ஹார்ட்விக் கணினியைத் தூக்கிப் பிடித்திருந்தார். திரையில் இரண்டு அலைக்கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன.

"தொண்ணூத்தெட்டு விழுக்காடு!" கத்தினார் ஹார்ட்விக். "ஐம்பது வருஷம் கழிச்சு தொண்ணூத்தெட்டு! மிச்சம் ரெண்டு புது எண்ணெயால. அது ஒண்ணுமில்ல." கட்டுரையை நாலாகக் கிழித்தார். பிறகு, ஒரு பாட்டில்கூடத் திறக்காத நிலையில், விதி ஒன்பதை மீறிச் சொன்னார்: "என்னை மன்னிச்சிடு ஃபோல்க்மார். நீ சொன்னது நெசம். எல்லாம் நெசம்."

நெஸ்ரின் அங்கேயே கம்பெனிக்குத் தொலைபேசி செய்து இரண்டாவது பதிப்பு ஐந்நூறு வண்டிக்குச் சொன்னாள். குட்ரூன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியதைப் பார்த்து, அவளுக்கும் மனசு இளகிவிட்டது என்று பக்கத்திலிருந்தவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த பதினெட்டு வருடத்துக்கும் ஃபோல்க்மார்தான் தலைவர் என்று வண்டியிலேயே தீர்மானம் நிறைவேறியது.

அந்த இரண்டு விழுக்காடு எண்ணெயால் வந்ததல்ல. 1975-இல் அவர் சாப்பிட்டிருந்தது உருளைக்கிழங்கு சூப்.